நாளையை அடகு வைக்கும் ஆட்டம்

கோலார் தங்கவயலில் சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கு அடியில் இரண்டு வகை வேலை நடந்தது. ஒரு பிரிவு தங்கத் தாதுவை வெட்டியது. இன்னொரு பிரிவு வெறும் பாறையைக் குடைந்தது. முதல் பிரிவின் உழைப்பு மேலே வந்து, அரைபட்டு, கட்டியாகி, கணக்கில் ஏறிவிடும். இரண்டாவது பிரிவின் உழைப்பில் ஒரு குன்றிமணித் தங்கம்கூடத் தேறாது. சில வருடங்கள் கழித்து வெட்டவேண்டிய தாதுவை நோக்கி இப்போதே வழி போட்டுவைப்பதுதான் அதன் வேலை.

எந்தச் சுரங்கத்திலும் பண முடை வந்தால் நிர்வாகத்துக்கு முதலில் தோன்றும் சபலம் ஒன்று உண்டு: வழி போடுகிறவர்களையும் தாது வெட்ட அனுப்பிவிடலாம். அந்த வருடம் உற்பத்தி கூடும், பாராட்டும் கிடைக்கும். பிறகு ஒரு நாள், கைக்கெட்டும் தூரத்தில் வெட்டுவதற்கு எதுவும் இருக்காது.

ஹாக்கியில் இதே சபலத்துக்கு ஆண்டுதோறும் சந்தையே கூடுகிறது. நம் ஊர் ஹாக்கியில் அல்ல. வட அமெரிக்காவின் பனிக்கட்டி ஹாக்கியில். அங்குள்ள தேசிய ஹாக்கி லீகில் 32 அணிகள். வீரர்களை மாற்றிக்கொள்ள ஒவ்வொரு பருவத்திலும் ஒரு கடைசி நாள் உண்டு. அது நெருங்கும்போது அணிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். கோப்பைக் கனவு கலைந்த அணி, ஒப்பந்தம் முடியப்போகும் மூத்த வீரரை விற்கப் பார்க்கும். கோப்பை கண்ணுக்குத் தெரிகிற அணி அவரை வாங்கப் பார்க்கும். விலை பணமல்ல. 18, 19 வயதில் இருக்கும் நாளைய நட்சத்திரம். அல்லது அடுத்த ஆண்டு புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. சில மாத உதவிக்குப் பத்து வருட நம்பிக்கை விலை.

இது முட்டாள்தனமான பேரம் என்று உடனே சொல்லிவிட முடியாது. கால்கரி அணி 1988 மார்ச்சில் பிரெட் ஹல் என்ற 23 வயது இளைஞரை செயின்ட் லூயிஸ் அணிக்குக் கொடுத்தது. பதிலுக்கு ராப் ராமேஜ் என்ற அனுபவம் மிக்க தடுப்பாட்டக்காரரையும் ரிக் வாம்ஸ்லி என்ற கோல்கீப்பரையும் வாங்கியது. அடுத்த ஆண்டே, 1989இல், கால்கரி ஸ்டான்லி கோப்பையை வென்றது. கொடுக்கப்பட்ட ஹல் என்ன ஆனார்? 1990-91 பருவத்தில் மட்டும் 86 கோல் அடித்தார். ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 741 கோல்கள். உலகின் மிகச் சிறந்த கோலடிப்பவர்களில் ஒருவரைக் கைநழுவ விட்டது கால்கரி. ஆனால் அந்த அணி இதுவரை வென்றிருப்பது அந்த ஒரே கோப்பையைத்தான். அந்த ஊர் ரசிகரிடம் அதைத் திருப்பித் தருகிறாயா என்று கேட்டால் எளிதில் தலையாட்டமாட்டார்.

வாஷிங்டன் அணியின் அனுபவம் வேறு மாதிரி. 2012இல் அந்த அணி முதல் சுற்றில் தேர்ந்தெடுத்த ஸ்வீடன் இளைஞர் ஃபிலிப் ஃபோர்ஸ்பெர்க். வாஷிங்டன் சட்டையுடன் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமலே, 2013 ஏப்ரலில், அவர் நாஷ்வில் அணிக்குக் கைமாறினார். அப்போது அவருக்கு வயது 18. பதிலுக்கு வந்த முக்கியமானவர் 31 வயதான மார்ட்டின் எராட். ஓர் ஆண்டுக்குள் எராட் வேறு அணிக்குப் போய்விட்டார். லீக் ஆட்டங்களில் வாஷிங்டனுக்காக அவர் அடித்த கோல்கள் இரண்டு. ஃபோர்ஸ்பெர்க்கோ நாஷ்வில் அணியின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவராக உயர்ந்தார்.

இரண்டு பேரங்களுக்கும் என்ன வித்தியாசம்? கால்கரிக்குக் கோப்பை உண்மையிலேயே எட்டும் தூரத்தில் இருந்தது. அணியில் குறைந்தது ஒன்றிரண்டு ஆள்தான். வாஷிங்டனுக்கு அடுத்த சுற்றுக்குள் நுழைவதே பிரச்சினையாக இருந்தது. கூரை போட்ட வீட்டுக்குக் கதவு வாங்கியது கால்கரி. சுவரே எழும்பாத வீட்டுக்குக் கதவு வாங்கியது வாஷிங்டன்.

இந்திய ஹாக்கியில் இப்படி ஆளுக்கு ஆள் மாற்றும் சந்தை கிடையாது. ஆனால் அதே பேரம் இங்கும் நடந்திருக்கிறது. இங்கே அதற்குப் பெயர் அணித் தேர்வு.

2001இல் ஆஸ்திரேலியாவின் ஹோபர்ட் நகரில் இந்திய ஜூனியர் அணி உலகக் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவை 6-1 என்று நொறுக்கியது. ககன் அஜித் சிங், தீபக் தாக்குர், ஜுக்ராஜ் சிங் என்று ஒரு புதிய தலைமுறையே கிளம்பி வந்தது. பயிற்சியாளர் ராஜிந்தர் சிங். அந்த இளைஞர்கள் சீனியர் அணிக்கு வந்தார்கள். 2003இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானைத் தோற்கடித்து இந்தியா ஆசியக் கோப்பையை வென்றபோது அணித் தலைவர் தன்ராஜ் பிள்ளை. புனேயை அடுத்த கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, உடைந்த மட்டைகளை ஒட்டி விளையாடி வளர்ந்த அதே தன்ராஜ். மூத்தவரும் இளையவர்களும் சேர்ந்த சரியான கலவை என்று அப்போது பேசப்பட்டது.

அடுத்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக். ஜுக்ராஜ் 2003 செப்டம்பரில் கார் விபத்தில் படுகாயமடைந்துவிட்டார். போட்டிக்குச் சில வாரங்களே இருந்தபோது ராஜிந்தர் சிங் நீக்கப்பட்டு ஜெர்மானியரான கெர்ஹார்ட் ராஹ் கொண்டுவரப்பட்டார். மூன்று ஆண்டுகளாக வளர்த்த பயிற்சியாளரைக் கொடுத்து மூன்று வார வித்தைக்காரரை வாங்கிய பேரம் அது. 36 வயதில் தன்ராஜ் தன் நான்காவது ஒலிம்பிக்குக்குப் போனார். போனாரே தவிர, களத்தில் நின்ற நேரம் குறைவு. இந்தியா ஏழாவது இடத்தில் முடித்தது. மூத்தவரை அழைத்ததன் பயனும் இல்லை. அந்த இடத்தில் ஓர் இளைஞரை ஆடவைத்த அனுபவமும் இல்லை. நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் டிராஃபி, நான்கு ஆசிய விளையாட்டு என்று ஆடிய ஒரு மாபெரும் வீரருக்கும் அது நியாயமான வழியனுப்புதல் அல்ல.

இதே தன்ராஜ் விஷயத்தில் ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்தது நேர் எதிரானது. 1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் 32 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்குத் தங்கம். அணித் தலைவர் தன்ராஜ். இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவின் பெனால்டிகளைத் தடுத்தவர் கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால். பதக்கத்தின் பளபளப்பு மங்குவதற்குள் இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு இவர்களையும் இன்னும் சில மூத்த வீரர்களையும் அணியிலிருந்து நீக்கியது. பயிற்சியாளர் எம்.கே. கௌஷிக்கும் போனார். ஓய்வு தருகிறோம், புதியவர்களைப் பார்க்கிறோம் என்றார்கள். ஊக்கத்தொகை, வசதி என்று வீரர்கள் வாய்திறந்து கேட்டதற்குத் தண்டனை என்று ஊர் பேசியது.

ஆக, 1998இல் தேவையான மூத்தவர்களைத் தூக்கி எறிந்தார்கள். 2004இல் காலம் கடந்த பிறகு மூத்தவரைத் தேடினார்கள். இரண்டும் ஒரே நோய்தான். அடுத்த போட்டியைத் தாண்டி யாரும் யோசிக்கவில்லை. விளைவு 2008 மார்ச்சில் சிலியின் சான்டியாகோ நகரில் வந்தது. தகுதிப் போட்டியில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, 80 ஆண்டுகளில் முதல் தடவையாக இந்திய ஹாக்கி அணி ஒலிம்பிக்குக்கே போகவில்லை. தாது வெட்டிக்கொண்டே இருந்தவர்கள் ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தபோது எதிரே வெறும் சுவர்.

மூத்தவரே வேண்டாம் என்பதல்ல இதன் பாடம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் பெற்றது. அதற்குப் பிறகு ஒலிம்பிக் ஹாக்கித் தங்கம் இங்கே வரவே இல்லை. அந்த அணியில் பெரும்பாலோருக்கு அதுவே முதல் ஒலிம்பிக். முகமது ஷாகித்துக்கு வயது 20. அவர்களை வழிநடத்தியவர், 1976 மான்ட்ரியலில் இந்தியா ஏழாவது இடத்துக்குச் சரிந்ததைக் களத்தில் இருந்து பார்த்த தமிழர் வாசுதேவன் பாஸ்கரன். ஒரு தோல்வியின் கசப்பை அறிந்தவர் ஒருவர், தோல்வியே அறியாத இளைஞர்கள் பலர். மூத்தவரின் அனுபவம் இளைஞர்களின் இடத்தைப் பிடிக்கவில்லை, அவர்களுக்கு வழிகாட்டியது.

நம் காலத்தின் உதாரணம் பி.ஆர். ஸ்ரீஜேஷ். 2021 ஆகஸ்டில் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக் பதக்கம் வாங்கியபோது கோலில் நின்றவர் அவர். 2024இல் பாரிஸுக்குப் போனபோது வயது 36. ஏதென்ஸில் தன்ராஜுக்கு இருந்த அதே வயது. காலிறுதியில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, பத்துப் பேருடன் ஆடிய இந்தியா பிரிட்டனை ஷூட் அவுட் வரை இழுத்துச் சென்று வென்றது. அந்த வெற்றியில் ஸ்ரீஜேஷின் பங்கு பெரிது. மறுபடி வெண்கலம்.

இந்தக் கணக்கிலும் ஒரு பற்று வரி இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. ஒன்பது வயது இளையவரான கிருஷன் பகதூர் பாடக் நல்ல கோல்கீப்பர். வருடக்கணக்கில் ஸ்ரீஜேஷின் நிழலில் நின்றவர். பாரிஸுக்கும் மாற்று வீரராகத்தான் போனார். கோல்கீப்பருக்கு இடம் ஒன்றுதான். மூத்தவர் ஒருவர் நிற்கும் ஒவ்வொரு நாளும் இளையவர் ஒருவர் காத்திருக்கும் நாள். ஆனால் ஸ்ரீஜேஷ் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். பாரிஸுடன் ஓய்வு பெற்று ஜூனியர் அணியின் பயிற்சியாளரானார். 2025 டிசம்பரில் சென்னை எழும்பூர் மைதானத்தில், ஜூனியர் உலகக் கோப்பையின் மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில், அவருடைய பையன்கள் அர்ஜென்டினாவுக்கு எதிராக இரண்டு கோல் பின்தங்கி, பிறகு 4-2 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கினார்கள். மூத்த வீரரிடம் ஓர் அணி வாங்கவேண்டியது அவருடைய கடைசிக் கோல்களை அல்ல, அவர் கற்றதை என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

பணம் புழங்கும் இடத்தில் இந்த நிதானத்தை எதிர்பார்க்க முடியாது. விதி போட்டுத்தான் காக்க வேண்டும். ஹாக்கி இந்தியா லீக் 2013இல் தொடங்கியபோது நெதர்லாந்தின் டேன் டி நூயர் 36 வயதில் உத்தரப்பிரதேச அணிக்கு வந்தார். 33 வயதான ஆஸ்திரேலியர் ஜேமி ட்வையர் பஞ்சாப் அணிக்கு வந்தார். கூட்டம் சேர்க்கவும் கோப்பை வெல்லவும் பெரிய பெயர்கள். ஆனால் அந்த முதல் கோப்பையை வென்றது ராஞ்சி. அந்த அணியில் ஜெர்மனியின் மோரிட்ஸ் ஃபுயர்ஸ்டேயுடன் சேர்ந்து ஆடிய மன்தீப் சிங்குக்குப் போட்டியின்போதுதான் 18 வயது நிறைந்தது. வளரும் வீரர் என்ற விருதும் அவருக்கே. அந்த மன்தீப் பிறகு டோக்கியோவிலும் பாரிஸிலும் பதக்கம் வாங்கினார். 2017க்குப் பிறகு நின்றுபோன லீக் 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கியபோது விதி எழுத்தில் வந்தது: 24 பேர் கொண்ட அணியில் இந்தியர்கள் 16 பேராவது இருக்க வேண்டும், அதில் நால்வர் ஜூனியர்கள். வழி போடும் பிரிவைத் தாது வெட்ட அனுப்பக் கூடாது என்று சட்டமே போட்டதுபோல.

அணியில் இடம் ஒதுக்குவது சுலபம். அந்த நால்வரை உருவாக்குவது யார்? அது ஏலம் நடக்கும் நட்சத்திர ஓட்டலில் நடப்பதில்லை. ஒடிஷாவின் சுந்தர்கட் கிராமங்களில், ஜலந்தரை ஒட்டிய சன்சார்பூரில், குடகில், நம் கோவில்பட்டியில் நடக்கிறது. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர் பெற்ற அந்தக் கரிசல் ஊரில் ஹாக்கி மட்டை பிடிக்காத தெரு குறைவு. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு ஆட நாட்டின் பெரிய அணிகள் அங்கே வருவதுண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதியும் அங்கே இருக்கிறது. கோவில்பட்டியின் மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து அந்த விடுதிக்கு வந்து பயின்ற கார்த்தியும் 2022இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் சேர்ந்து ஆடினார்கள். தமிழ்நாட்டிலிருந்து இந்திய அணிக்கு ஆள் போய் வெகுகாலம் ஆகியிருந்த நேரம் அது. அந்த இரண்டு பேருக்குப் பின்னால் பல வருடங்கள் விடியற்காலையில் எழுந்த பயிற்சியாளர்களும், பெயர் தெரியாமல் நின்றுபோன பல பையன்களும் உண்டு. வெறும் பாறை குடைந்தவர்கள்.

இப்படிப் பாறை குடையும் ஊருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் உண்மையான கேள்வி. வட அமெரிக்கப் பேரத்தில் கொடுப்பவர், வாங்குபவர் என்று இரு தரப்பு உண்டு. இளைஞரைக் கொடுத்த அணிக்குக் கையில் ஏதாவது கிடைக்கும். ஏமாந்தாலும் அது கணக்கறிந்து ஏமாந்தது. நம் நாட்டில் நல்ல இளம் வீரர் ரயில்வேக்கோ ராணுவத்துக்கோ எண்ணெய் நிறுவனத்துக்கோ வங்கிக்கோ வேலைக்குப் போவார். போகத்தான் வேண்டும், அது அவர் வீட்டின் சோறு. ஆனால் அவரை வளர்த்த ஊர் மைதானத்துக்குப் பெரும்பாலும் பெருமை மட்டுமே மிஞ்சுகிறது. பெருமையை வைத்துப் புல் வெட்ட முடியாது, மட்டை வாங்க முடியாது.

கொடுத்துவிட்டு எதையும் பெறாத ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் மறுபடி தங்கவயலுக்குத்தான் போக வேண்டும். ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் அங்கே கால் வைத்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வெட்டினார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, பெங்களூருக்கு வரும் முன்பே. வந்தது இயந்திரங்களுக்கு; லைன் வீடுகளுக்கு அல்ல. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் தங்கம் வெளியேறியது. வளமான தாதுவின் பெரும்பகுதி வெள்ளைக்காரக் கம்பெனி காலத்திலேயே போய்விட்டது. 1956இல் மைசூர் அரசு சுரங்கத்தை எடுத்துக்கொண்டபோது மிஞ்சியிருந்தது ஆழமும், வெப்பமும், மெலிந்த தாதுவும். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் கதவைச் சாத்தியது.

இன்று தங்கவயலின் இளைஞர்கள் அதிகாலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் பெங்களூர் போகிறார்கள், இரவில் திரும்புகிறார்கள். ஊர் தன் நாளைய மனிதர்களைத் தினமும் காலையில் அனுப்பி வைக்கிறது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஓர் ஒப்புதல் தந்தது. சுரங்கக் கழிவு கொட்டிய 13 மேடுகளை, ஊரார் சயனைடு மேடு என்று சொல்பவற்றை, மறுபடி சலித்து மிச்சத் தங்கம் எடுக்க ஏலம் விடலாம் என்று. ஊரின் நம்பிக்கை இப்போது தாத்தாக்கள் கொட்டிய மண்ணில் இருக்கிறது. அதில் ஏதாவது கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அது ஒரு தடவைதான் கிடைக்கும்.

ஹாக்கித் தேர்வாளர்களுக்கு அந்த மேடுகள் ஒரு நினைவூட்டல். மூத்த வீரரை அழைக்கலாம். கோப்பை உண்மையிலேயே எட்டும் தூரத்தில் இருந்தால் அழைக்கத்தான் வேண்டும். அழைக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் இருக்கட்டும். அவர் வந்தால் ஜெயிப்போமா, அல்லது தோல்வியைக் கொஞ்சம் கௌரவமாக்குவோமா? போகும்போது எதை விட்டுச் செல்வார்? அவருக்காக உட்காரவைக்கப்பட்ட பையனுக்கும், அவனை அனுப்பிய ஊருக்கும் நாம் என்ன தரப்போகிறோம்?

2028இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். 2032இல் பிரிஸ்பேன். பிரிஸ்பேனில் இந்தியாவின் கோலைக் காக்கப்போகிறவர் இன்று ஏதோ ஒரு விடுதியில், தன் உடம்புக்குப் பெரிதான ஒரு பழைய கால்காப்பைக் கட்டிக்கொண்டிருப்பார். தேர்வுக் குழு கூடும்போது மேஜையில் அவருக்காகவும் ஒருவர் பேச வேண்டும்.